அது போர்ஷே இல்லை!

‘அது போர்ஷே இல்லை’ என்று ஒரு பெரிய மனிதர் என் காது கேட்கச் சொன்னார். சொன்னது ஜெர்மன் பாஷையில். அந்தப் பாஷையில் எனக்குத் தெரிந்தது பத்து வார்த்தைகூட இராது. ஆனால் அந்தப் பத்தில் ‘இல்லை’ என்பதும் அடக்கம். மற்றொரு வார்த்தையோ அவர் பார்த்துக்கொண்டிருந்த காரின் முதுகிலேயே எழுதியிருந்தது. ஆகவே, மொழிபெயர்ப்பாளர் தயவில்லாமலே எனக்கு அர்த்தம் விளங்கிவிட்டது.

இடம், ஸ்டட்கார்ட் நகருக்கு வெளியே ஒரு சாப்பாட்டு விடுதியின் முன்னால் இருந்த மைதானம். நேரம், ஞாயிற்றுக்கிழமைக் காலை பத்து மணி. என் அக்காள் மகன் அந்த ஊரில் எஞ்சினீயராக இருக்கிறான். அவனோடு ஒரு மாதம் தங்கிவரப் போயிருந்தேன். “மாமா, ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஒரு வேடிக்கை காட்டுகிறேன்” என்று தன் ஸ்போர்ட்ஸ் காரில் ஏற்றிக்கொண்டு போனான். ‘ஏற்றிக்கொண்டு’ என்பது உபசார வார்த்தை. இந்த ரகக் காரில் ஏற முடியாது. கிணற்றில் இறங்குவதுபோல் இறங்கத்தான் வேண்டும். உட்கார்ந்த பிறகு கால் நீண்டுவிடுகிறது. தரை கைக்கெட்டும் தூரத்தில் ஓடுகிறது. நாற்பது வயதைக் கடந்தவனுக்கு அதில் பயமும் உண்டு, பால்யம் திரும்பிய சந்தோஷமும் உண்டு.

அவனுடையது போர்ஷே கம்பெனியின் 924 என்ற மாடல். அதற்கும் ஏறக்குறைய என் வயதுதான். ஜெர்மனியில் முப்பது வயதைக் கடந்து, பழைய உருவம் மாறாமல் பராமரிக்கப்படும் மோட்டார்களுக்கு நம்பர் பலகையின் கடைசியில் ‘எச்’ என்று ஓர் எழுத்தைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். சரித்திரம் என்று அதற்கு அர்த்தமாம். ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியையிடமிருந்து அவன் அதை வாங்கி, இரண்டு குளிர்காலம் தன் கையாலேயே பிரித்து, துடைத்து, மாட்டி ஓட வைத்திருக்கிறான். எங்கள் அக்காள் வீட்டில் ஒரு பல்பு மாற்றத் தெரியாமல் வளர்ந்த பிள்ளை அவன்.

மைதானத்தில் முப்பது நாற்பது கார்கள் நின்றன. எல்லாம் ஒரே கம்பெனியின் பிள்ளைகள். வட்டக் கண்ணும் சரிந்த முதுகுமாக நின்ற 911 ரகந்தான் அங்கே பெரும்பான்மை. அவை நடுவில் நின்றன. என் மருமகன், யாரும் சொல்லாமலே, ஓரத்து மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினான். நான் சொன்ன பெரிய மனிதர் கையில் காப்பிக் கோப்பையோடு வந்தார். காரைப் பார்த்தார். பக்கத்திலிருந்த சிநேகிதரிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னார். சிநேகிதர் சிரித்தார். என் மருமகனும் சிரித்தான்.

“என்னடா சொன்னார்?” என்றேன், தெரியாதவன்போல.

“ஒன்றுமில்லை மாமா, சும்மா வேடிக்கை.”

“வேடிக்கையானால் எனக்கும் சொல்லேன், நானும் சிரிக்கிறேன்.”

“924ஐப் பார்த்தால் எல்லாரும் சொல்கிறதுதான். இதில் இருப்பது சாமான் வண்டி எஞ்சின் என்பார்கள். அதையெல்லாம் பெரிசாக எடுத்துக்கொள்ளக் கூடாது மாமா. இங்கே எல்லாரும் சிநேகிதர்கள்தான்.”

இந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

‘எங்கோ ஜெர்மனியில் காசுள்ளவர்கள் காரைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டால் உமக்கென்ன வந்தது? சொந்தத்தில் ஒரு மொபெட்கூட இல்லாதவர் நீர்’ என்று வாசகர்கள் கேட்கலாம். வாஸ்தவம். எனக்கு மோட்டார் சாஸ்திரம் தெரியாது. ஆனால் மனிதர்கள் ஒருவரை ஒருவர் எந்தக் குரலில் கீழே தள்ளுகிறார்கள் என்பதைக் கேட்டு எழுதுவதுதான் இருபது வருஷமாக எனக்குச் சோறு போடும் தொழில். அந்தக் குரல் எனக்குத் தெரியும். அது காரைப் பற்றிப் பேசினாலும் தெரியும், காவிரிக்கரை நிலத்தைப் பற்றிப் பேசினாலும் தெரியும். ஊர் திரும்பியபின் சில மாதம் இந்தக் கார்களின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கக் கோபம் தணியும் என்று நினைத்தேன். தணியவில்லை.

முதலில், அந்தப் பெரிய மனிதர் எதை வைத்து ‘இல்லை’ என்றார் என்று பார்ப்போம். குற்றச்சாட்டு ஒன்றே ஒன்றுதான்: 924இன் எஞ்சின் போர்ஷே வீட்டில் பிறந்ததல்ல, வோக்ஸ்வாகன், ஆடி என்ற அயல் வீட்டுச் சரக்கு. (இந்த ஆடி மாதமல்ல, மோட்டார் கம்பெனி.) சரி. போர்ஷே என்ற பெயரைத் தாங்கி வந்த முதல் காரைப் பார்ப்போமா? 1948 ஜூன் 8ஆம் தேதி ஆஸ்திரியாவில் அது ரோட்டில் ஓட அனுமதி பெற்றது. பிறந்த இடம் க்முண்ட் என்ற சிற்றூர். யுத்தகாலத்தில் குண்டுக்குப் பயந்து ஸ்டட்கார்டிலிருந்து அங்கே ஒதுங்கியிருந்த பட்டறை அது. 356 என்று நம்பர் போட்ட அந்தக் காரின் எஞ்சின் என்ன? வோக்ஸ்வாகன் எஞ்சின். 1131 சி.சி. ஏழைக் குடும்பமும் வாங்கும்படி வகுத்த ஆமை வடிவ வண்டியில் 25 குதிரை சக்தியோடு ஓடியதைச் சற்றுத் தட்டிக்கொட்டி 35 ஆக்கினார்கள். கியர் பெட்டி வோக்ஸ்வாகன். பிரேக் வோக்ஸ்வாகன். ஸ்டியரிங் வோக்ஸ்வாகன். யுத்தத்தில் தோற்ற தேசத்தில் இரும்புக்கும் ரப்பருக்கும் பஞ்சம் தலைவிரித்தாடிய நாளில், கையில் கிடைத்த எளிய வண்டியின் உறுப்புகளைக் கொண்டு அழகான ஒன்றைச் செய்தார்கள். அதுதான் அந்தக் கம்பெனியின் பெருமை. அந்த முதல் காரை இன்று கோயில் விக்கிரகம்போல வைத்துப் போற்றுகிறார்கள். அதே காரியத்தைப் பேரன் செய்தால் சாமான் வண்டி!

வம்சம் பேசுகிறவர்கள் வம்சத்தை முழுக்கப் பேச வேண்டும். 1931இல் ஸ்டட்கார்டில் இந்தக் கம்பெனி தொடங்கியபோது ஃபெர்டினாண்ட் போர்ஷேயோடு பங்காளியாகப் பணம் போட்டவர்களில் அடால்ஃப் ரோஸன்பெர்கர் ஒருவர். பந்தயக் கார் ஓட்டியவர், யூதர். 1935இல் அவருடைய பங்கு கைமாறியது. அதே வருஷம் ரகசியப் போலீஸார் அவரைப் பிடித்து முகாமில் போட்டார்கள். பிறகு அமெரிக்கா போய்ப் பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்து 1967இல் காலமானார். ‘யார் நம்மவர், யார் இல்லை’ என்று பிரிக்கும் பழக்கம் அந்த நாட்டில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை அங்குள்ளவர்களே நன்றாக அறிவார்கள். காப்பிக் கோப்பை மனிதரை அந்தப் பாதகத்தோடு சேர்த்துப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் ஒரு சாதாரண டம்பக்காரர், அவ்வளவே. ஆனால் ரத்தச் சுத்தத்தை வைத்து அந்தஸ்து நிர்ணயிக்கும் பேச்சை நல்ல மனிதர்கள் விளையாட்டுக்குக்கூட நாவில் வைத்திருக்க வேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.

924க்கு முன்னாலும் இந்தத் தீட்டுப் பட்டவை உண்டு. 1965இல் 911இன் உடம்புக்குள் 356இன் நாலு சிலிண்டர் எஞ்சினை வைத்து, விலையைக் குறைத்து, 912 என்று விற்றார்கள். முப்பதினாயிரம் பேருக்கு மேல் வாங்கினார்கள். ‘குறை எஞ்சின்’ என்றார்கள் ஆறு சிலிண்டர்க்காரர்கள். 1969இல் 914 வந்தது. போர்ஷே குடும்பத்து ஃபெர்ரி போர்ஷேயும் வோக்ஸ்வாகன் தலைவர் நார்டாஃப்பும் வாய்ப்பேச்சாக, கைகுலுக்கிச் செய்துகொண்ட உடன்பாட்டில் கருவான வண்டி. 1968இல் நார்டாஃப் காலமானார், வந்தவருக்கு வாய்ப்பேச்சு செல்லவில்லை, விலை ஏறியது. இரண்டு கம்பெனிகளின் பெயரையும் தாங்கிப் பாவம் ஐரோப்பாவில் அது திண்டாடியது. இரண்டு பெயரையும் ஒட்டி ‘ஃபோபோ’ என்று அதற்குப் பட்டப் பெயர். கிழக்கு ஜெர்மனியின் போலீஸ்காரனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இந்தக் கேலிக்கு ஆளான காரின் ஆறு சிலிண்டர்ப் பிறவி ஒன்று 1970இல் பிரான்ஸில் நடந்த 24 மணிநேர லெ மான்ஸ் பந்தயத்தில் ஓடி, மொத்தத்தில் ஆறாவதாகவும் தன் பிரிவில் முதலாவதாகவும் வந்தது. ஓடிக் காட்டினால் வாய் மூடிவிடும் என்பது கதைகளில்தான் நடக்கிறது.

இப்போது 924க்கு வருகிறேன். இது வோக்ஸ்வாகன் கேட்டு, போர்ஷே எஞ்சினீயர்கள் வரைந்த கார். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஸ்போர்ட்ஸ் கார் யார் வாங்குவார்கள் என்று வோக்ஸ்வாகன் கைகழுவிவிட்டது. போர்ஷே கம்பெனி தான் வரைந்ததைத் தானே விலை கொடுத்து மீட்டுக்கொண்டது. எஞ்சின் முன்னால், கியர் பெட்டி பின்னால், இரண்டுக்கும் நடுவே ஒரு நீண்ட குழாய். ஆகவே, தராசில் வைத்ததுபோல முன்னும் பின்னும் ஏறக்குறையச் சம எடை. வளைவில் திருப்பினால் சொன்னபடி கேட்கும் என்று ஓட்டியவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். எஞ்சின் ஆடி கம்பெனியுடையதுதான். அதன் உடன்பிறப்பு வோக்ஸ்வாகன் சாமான் வண்டியிலும் இருந்ததுதான். அங்கே 75 குதிரை சக்தி, இங்கே 125. இதை ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆனால், யாரும் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. ஸ்டட்கார்டுக்கு வடக்கே நெக்கர்சுல்ம் என்ற ஊரில் ஒரு மோட்டார் தொழிற்சாலை. அந்த எண்ணெய் நெருக்கடியில் அதை இழுத்து மூடிவிடலாமா என்று மேலே பேச்சு நடந்தது. 1975 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பக்கத்து நகரமான ஹைல்பிரானுக்கு ஊர்வலமாக நடந்தார்கள். தொழிற்சாலை மூடப்படவில்லை. அது மூடாமல் நின்றதற்குப் பல காரணம். அவற்றில் ஒன்று, அங்கேதான் 924 பூட்டப்பட்டது என்பது. ஏறக்குறைய 1,50,000 வண்டிகள் அங்கிருந்து வந்தன. புகழ்பெற்ற 356 தன் பதினேழு வருஷ ஆயுளில் விற்றதைப்போல் இது இரண்டு மடங்கு. அந்த ஊரில் எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும்! எத்தனை குழந்தைகளுக்குப் பள்ளிச் சம்பளம் கட்டியிருக்கும்! ஒரு வண்டி நிஜமா பொய்யா என்று தீர்ப்புச் சொல்ல உட்காருகிறவர்கள், அதைப் பூட்டிய கைகளையும் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டாமா?

ஏற்ற மாட்டார்கள். ஏனென்றால் இந்த ஏளனம் காரின் மேல் பிறந்ததே அல்ல. பட்டப் பெயர்களைக் கவனியுங்கள். 924க்கு ஜெர்மனியில் இட்ட பெயர் ‘இல்லத்தரசி போர்ஷே’. ஜப்பானில் மாஸ்டா கம்பெனி 1989இல் எம்.எக்ஸ்-5 என்று ஒரு சின்ன, திறந்த, மலிவான ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. 2016க்குள் பத்து லட்சம் செய்துவிட்டார்கள். இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகத்திலேயே அதிகம் விற்றது அதுதான். பிரிட்டனில் அதற்கு என்ன பெயர்? ‘முடி அலங்காரக்காரர் கார்’. ஒரு காரை ‘பிரேக் பிடிக்காதது’ என்று சொல், ‘வளைவில் புரளும்’ என்று சொல், அது விமர்சனம். ‘வீட்டுப் பெண் ஓட்டுவது’, ‘முடி திருத்துகிறவர் ஓட்டுவது’, ‘சாமான் ஏற்றுகிறவனின் எஞ்சின்’ என்றால் இதில் காரைப் பற்றி என்ன இருக்கிறது? மனிதர்களைப் பற்றித்தான் இருக்கிறது. வீட்டு வேலை செய்கிறவள், தலைமுடி வெட்டுகிறவர், மூட்டை ஏற்றுகிறவன், இவர்கள் தொட்டதால் இந்தப் பொருள் தாழ்ந்தது என்பதுதான் முழு அர்த்தம். தமிழ் வாசகர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. இந்தப் பாடத்தில் நாம் அவர்களுக்கு வாத்தியார்கள்.

‘வெறும் வாய்ப்பேச்சுதானே, இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?’ என்பார்கள். நஷ்டம் உண்டு. 1982இல் 924இன் வாரிசாக 944 என்ற காரைக் கொண்டுவந்தார்கள். எஞ்சினில் அயல் வீட்டுச் சம்பந்தமே கிடையாது. போர்ஷேயின் பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சினில் பாதியை எடுத்து வார்த்த 2½ லிட்டர் நாலு சிலிண்டர். அப்படியும் அப்பன் பெயர் மகனை விடவில்லை. ‘இல்லை’ கோஷ்டியின் கணக்கில் அதுவும் ‘இல்லை’தான். ஆகவே, பழைய 944 சந்தையில் மலிந்தது. இந்த எஞ்சினில் ஒரு ரப்பர்ப் பெல்ட் இருக்கிறது. சில வருஷத்துக்கு ஒரு தடவை அதைத் தவறாமல் மாற்ற வேண்டும். மாற்றாமல் அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துபோகும்; எஞ்சினைப் பிரித்துப்போட வேண்டியதுதான். கிளட்ச் தேய்ந்தாலும் அப்படித்தான். பின்பக்கத்தைக் கழற்றாமல் அதன் அருகே போக முடியாது. பட்டறைக்காரருக்கு 944இன் மணிக்கூலி, 911இன் மணிக்கூலி என்று இரண்டு கணக்கில்லை. காரின் விலையோ 911இல் ஒரு துண்டு. வண்டியின் விலைக்கு மேல் ரிப்பேர்ச் செலவு வருகிறது. வாங்கியவர் பெல்ட்டைத் தள்ளிப் போடுகிறார். பெல்ட் அறுகிறது. வண்டி பிரிக்கப்பட்டுக் காயலான் கடைக்குப் போகிறது. உடனே நம் பெரிய மனிதர் காப்பிக் கோப்பையோடு வந்து, ‘பார்த்தீர்களா, அது உழைக்காது என்று நான் அப்போதே சொன்னேன்’ என்கிறார்.

மட்டமென்று சொல்லி விலையை இறக்குவது. விலை இறங்கியதால் பராமரிப்பு இல்லாமல் போவது. பராமரிப்பில்லாமல் கெட்டதைக் காட்டி மட்டமென்று நிரூபிப்பது. இந்தச் சக்கரம் எத்தனை கச்சிதமாகச் சுற்றுகிறது! இதற்கு எந்த எஞ்சினீயர் பெல்ட் போட்டாரோ, இது மட்டும் அறுவதே இல்லை.

இத்தாலியில் நடந்த ஒரு கதையையும் சொல்லிவிடுகிறேன். என்ஸோ ஃபெராரி தம் மூத்த மகன் டினோவை 1956இல் இருபத்து நாலு வயதில் பறிகொடுத்தார். அந்தப் பிள்ளையின் பெயரால் 1968இலிருந்து ஒரு சின்ன, ஆறு சிலிண்டர்க் காரைச் செய்தார். பன்னிரண்டு சிலிண்டர் இல்லாத காரணத்தால் அதில் ஃபெராரி என்ற பெயர்ப் பட்டயமும் இல்லை, துள்ளும் குதிரைச் சின்னமும் இல்லை; வெறுமே ‘டினோ’. ‘அது ஃபெராரி இல்லை’ என்ற பல்லவி நெடுநாள் ஓடியது. இன்று அந்தக் காரின் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். பல்லவி பாடியவர்களெல்லாம் இப்போது ‘ஃபெராரிகளிலேயே அழகு இதுதான்’ என்று சரணம் பாடுகிறார்கள். விலை ஏறினால் ரத்தம் சுத்தமாகிவிடும் போலிருக்கிறது.

எதிர்க்கட்சிக்காரரின் சிறந்த வாதத்தையும் சொல்ல வேண்டியது என் கடமை. அதைச் சொல்லாமல் சண்டை போடுவது கோழைத்தனம். அவர் சொல்வார்: “ஐயா, எல்லாம் ஒன்றே என்றால் நேர்த்தி எங்கே நிற்கும்? பின்பக்கத்தில் காற்றால் குளிரும் ஆறு சிலிண்டரை வைத்து, ‘அது எஞ்சின் இருக்க வேண்டிய இடமே அல்ல’ என்று உலகம் சொன்னதையும் மீறி, 1963இலிருந்து அதைச் செதுக்கிச் செதுக்கி உயர்த்தினோம். பிடிவாதக்காரர்கள் சிலர் ‘இதுதான் போர்ஷே, மற்றதில்லை’ என்று நின்றதால்தான் 911 பிழைத்தது.” இது பொய்யல்ல. 1970களில் 911ஐ நிறுத்திவிட்டு வேறு காரைக் கொண்டுவர கம்பெனியே தயாராக இருந்தது. 1981இல் தலைவராக வந்த பீட்டர் ஷூட்ஸ், தம் தலைமை எஞ்சினீயர் போட் அறையில் சுவரில் தொங்கிய திட்டப் படத்தைப் பார்த்தாராம். மற்ற கார்களின் கோடுகள் நீண்டுகொண்டு போக, 911இன் கோடு அந்த வருஷத்தோடு நின்றிருந்தது. பேனாவை எடுத்து அந்தக் கோட்டைப் படத்தைத் தாண்டிச் சுவரெல்லாம் இழுத்துவிட்டாராம். இது அவரே சொன்ன கதை. எனக்கு மிகவும் பிடித்த கதை. ஏனென்றால் ஷூட்ஸ் யார்? பெர்லினில் பிறந்து, 1930களில் நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்காவுக்கு ஓடிய யூதக் குடும்பத்துப் பிள்ளை. டிராக்டர், லாரி எஞ்சின் கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். சுத்தப் போர்ஷேயைக் காப்பாற்றியவர் சுத்தப் போர்ஷே மனிதரல்ல! அவர் காரை நேசித்தார். அதற்காக வேறெந்தக் காரையும் ‘இல்லை’ என்று சொல்ல அவருக்கு அவசியம் இருக்கவில்லை. அவர் தலைமையில்தான் 944 அமோகமாக விற்றது. மொத்தம் 1,60,000க்கு மேல். 911இன் கோடு சுவரில் நீண்டுகொண்டு போனதற்கு அந்தப் பணமும் மசிதான்.

நேர்த்தி வேறு, டம்பம் வேறு. நேர்த்தி தெரிந்தவன் காரின் அடியில் குனிந்து பார்க்கிறான். டம்பக்காரன் காரின் முதுகில் உள்ள நம்பரைப் பார்க்கிறான். அந்த ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு ரகத்தையும் கண்டேன். கைநகத்தில் கறுப்பேறிய ஒரு கிழவர், தமது 356ஐ விட்டுவிட்டு எங்கள் மரத்தடிக்கு வந்து, மண்டியிட்டு, என் மருமகனிடம் அரை மணி ஏதேதோ கேட்டார். போகும்போது காரின் கூரையை, குதிரையைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். 1950களில் அமெரிக்க ரோடுகளில் ஒரு 356 எதிரே வந்தால் மற்ற 356 விளக்கைச் சிமிட்டுமாம். அவ்வளவு அபூர்வம் அந்த வண்டி. தனியாக இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுகொண்ட சந்தோஷம் அது. இந்தச் சிநேகத்தை நான் மறுக்கவே இல்லை. நடுரோட்டில் நின்றுபோன வண்டிக்கு முன்னே பின்னே அறியாதவன் இறங்கி வந்து கை கொடுப்பது, கிடைக்காத ஒரு நட்டுக்காக மூன்று நகரங்களில் தேடி அனுப்புவது, இதெல்லாம் அங்கே நடக்கிறது. என் மருமகனுக்கே நடந்திருக்கிறது. என் புகார் வேறு. அந்தச் சிமிட்டல் எந்த நம்பரோடு நிற்கிறது என்பதுதான்.

அது எங்கும் நிற்பதில்லை என்பதுதான் கண்றாவி. 911காரர்கள் ஒரே ஜாதி என்று நினைத்துவிடாதீர்கள். 1998 வரை வந்தது காற்றால் குளிரும் எஞ்சின். பின் வந்தது தண்ணீரால் குளிர்வது. முந்தியதை வைத்திருப்பவர் பிந்தியதை வைத்திருப்பவரைப் பார்த்து ‘இல்லை’ என்கிறார். தண்ணீர் எஞ்சினோடு 1997இல் வந்த முதல் 911க்கு, விலை குறைந்த பாக்ஸ்டர் காரின் முகத்தையே வைத்துவிட்டார்கள். அதன் விளக்குக்குப் ‘பொரித்த முட்டை’ என்று பட்டம். கீழேயும் அப்படியே. 944காரர் 924காரரிடம் ‘நம்முடையது சொந்த எஞ்சினாக்கும்’ என்கிறார். 924காரரோ?

சொல்கிறேன். திரும்பி வருகிற வழியில் என் மருமகன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உற்சாகமாகப் பேசிக்கொண்டே வந்தான். எதிரே ஒரு பழைய போர்ஷே கெயென் வந்தது. உயரமான, அகலமான, ஐந்து பேர் உட்காரும் குடும்ப வண்டி. ஓட்டி வந்தவள் ஓர் இளம்பெண். பின்சீட்டில் இரண்டு குழந்தைகள். அவள் எங்கள் காரைப் பார்த்து முகம் மலர்ந்து கையை உயர்த்தினாள். பையன் கையைத் தூக்கவில்லை.

“ஏண்டா, அந்தப் பெண் கை காட்டினாளே?”

“அதுவா? அது போர்ஷே இல்லை மாமா. வோக்ஸ்வாகன் வண்டிக்குச் சட்டை மாற்றி விட்டது. லாரி.”

“இன்னொரு தடவை சொல்லு.”

அவன் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். காது சிவந்துவிட்டது. நல்ல பையன்தான்.

1990களின் தொடக்கத்தில் திவாலின் விளிம்பில் நின்ற அந்தக் கம்பெனியை முதலில் பாக்ஸ்டரும், 2002இல் வந்த இந்த ‘லாரி’யும்தான் செழிக்க வைத்தன. கடந்த பத்தாண்டுகளில் அங்கே விற்கும் வண்டிகளில் பாதிக்கு மேல் இந்த உயரமான குடும்ப வண்டிகளே. ஒவ்வொரு காலத்திலும் ‘இல்லை’ என்று ஒதுக்கப்பட்டதுதான் ‘உண்டு’ என்பதற்குப் பத்தியச் சாப்பாடு போட்டிருக்கிறது. ஆனால் இதை நான் அவனிடம் அப்போது சொல்லவில்லை. அப்போது எனக்கே தெரியாது. தெரிந்திருந்தாலும், நான் சொல்ல யோக்கியதை உள்ளவன்தானா என்று ஒரு யோசனை வந்தது. எங்கள் தொழிலிலும் இந்தக் காப்பிக் கோப்பைகள் உண்டு. ‘வாரப் பத்திரிகையில் தொடராக வந்ததா? அப்படியானால் அது நாவல் இல்லை’ என்று என்னைப் பற்றி ஒருவர் கூட்டத்தில் சொன்னபோது, என் மருமகனைப் போலவே நானும் பல்லைக் காட்டிச் சிரித்திருக்கிறேன். அடுத்த மாதமே, துப்பறியும் கதை எழுதும் ஒரு சகோதர எழுத்தாளரைப் பற்றி நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அவர் இந்தப் பத்திரிகையின் வாசகர்.

பையன் இன்னமும் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறான். பெல்ட்டை மாற்றிவிட்டானாம். போன வாரம் செய்தி அனுப்பியிருந்தான்: கிழவர் தன் 356ஐ இவனிடம் கொடுத்து ஒரு சுற்று ஓட்டச் சொன்னாராம், காப்பிக் கோப்பைக்காரர் இவனிடம் கார்புரேட்டரைப் பற்றி ஏதோ யோசனை கேட்டாராம், மைதானத்தின் கோடியில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், இரண்டு குழந்தைகளோடு ஒரு கெயென் வந்து நின்றதாம்.

‘போய்ப் பேசினாயா?’ என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.